தமிழ் வரி, சேகா தாளம்: ஏழு பாட்டுத் தொகுப்புக்கு ஒரு திட்டம், குறை சொல்லுங்கள்

#1 கரும்புக்காத்து (ரோஸ் ஹில்)

எல்லாருக்கும் வணக்கம். மொரிஷியஸின் நாட்டார் இசையான சேகாவைத் தழுவி, தமிழ் வரியோடு, ஏழு பாட்டு கொண்ட முதல் தொகுப்பின் திட்டம் கீழே. வரி, மெட்டு, குரல் மூன்றும் ஒரே ஆள். ரவானுக்கு (சேகாவின் தோல் மேளம்) ஒருவர், கிதாருக்கு ஒருவர் பேசியாகிவிட்டது.

தாக்கம் என்று கேட்டால்: தமிழ்ப் பக்கம் காவடிச் சிந்து, திருப்புகழ்ச் சந்தம், இளையராஜா. இந்தப் பக்கம் மொரிஷியஸில் தி ஃப்ரேர், மென்வார், காயாவின் செகே (சேகாவும் ரெகேயும் கலந்தது). கடல் தாண்டி ரெயூனியன் தீவின் மலோயா இசையில் அலென் பெத்தேர்ஸ், தனியெல் வாரோ.

சரணம் தமிழில், பல்லவி கிரியோலில் (எங்கள் தீவின் பேச்சு மொழி). நாலு பாட்டு சேகா. ஒன்று காவடிப் பாட்டு, செஞ்சுருட்டி ராகத்தில், நாதஸ்வரத்தோடு. ஒன்று 1834இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரைப் பற்றி. கடைசிப் பாட்டு குரல் மட்டும். தைப்பூசக் காவடி அன்றைக்கே ஏழையும் வெளியிட எண்ணம். அடுத்த வருஷம் ரெயூனியன், டர்பன், சென்னை மேடைகள்.

இப்போதைய சிக்கல்: முதல் பாட்டின் எடுப்பு "கரும்பு வெட்டி திரும்பி வந்து". 6/8இல் கிளிக் (காதில் ஓடும் தாளத் தட்டு) வைத்துப் பாடினால் நொண்டுகிறது. ரவான்காரர், "வரி தாளத்துக்கு வெளியே நிக்குது" என்கிறார். தப்பு எங்கே?

#2 சந்தப்பித்து

தம்பி, முதலில் "வெட்டித் திரும்பி". ஒற்று மிகும். இலக்கணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் நொண்டலுக்கும் அந்த ஒற்றுக்கும் தொடர்பு இருக்கிறது.

பாட்டுக்கு எண்ணும்போது குறில் ஒன்று, நெடில் இரண்டு, குறிலோடு ஒற்று சேர்ந்தால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேகாவின் ஒரு சுற்றில் ஆறு துடிப்பு. நம் திஸ்ர நடையில் இரண்டு தகிட.

"காத்து வந்து" என்று பாடிப் பாருங்கள். காத்(2) து(1), வந்(2) து(1). ஆறும் நிரம்பி, கனமான அசை முதல் துடிப்பிலும் நாலாவதிலும் உட்காருகிறது. இந்த 2+1, 2+1 ஆட்டம்தான் இடுப்பை அசைக்கிறது. இப்படிக் குறிலில் முடியும் தேமாச் சீர் (நேர் நேர்) எதை வைத்தாலும் சேகாவில் தானாக நடக்கும்.

"கரும்பு" அப்படி இல்லை. க(1) ரும்(2) பு(1). 'க'வை முதல் துடிப்பில் வைத்தால் கனமான 'ரும்' இரண்டாவதில் விழுந்து, ரவானின் அடிக்கு முதுகைக் காட்டுகிறது. வழி: 'க'வை முந்தைய சுற்றின் ஆறாவது துடிப்புக்குத் தள்ளுங்கள். நம் ஊர்ப் பேச்சில் அதீத எடுப்பு.

க | ரும்பு வெட்டி

ரும்(2) பு(1) வெட்(2) டி(1). நேராகிவிட்டது. ஆனால் அடுத்த வார்த்தை "திரும்பி". அதன் 'தி'யும் இதே போல ஆறாவது துடிப்பைக் கேட்கும். அங்கே ஏற்கெனவே 'டி' உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போட மறந்த 'த்' வேறு அதை நீட்டுகிறது. ஒரு துடிப்புக்கு மூன்று பேர் சண்டை. பாடுகிறவர் 'தி'யை விழுங்குவார், கேட்கிறவர் காதில் "ரும்பி வந்து" என்று விழும்.

ஆகவே முதல் சுற்றின் இரண்டாம் பாதிக்கு மூன்று துடிப்புச் சொல் ஆகாது, இரண்டு துடிப்புச் சொல் வேண்டும். நெடில் ஓரசைச் சொற்கள்: மேல், போல், நான், நீ, வா, பூ, தீ. உதாரணமாக,

க | ரும்பு மேல் தி | ரும்பும் காத்து

ரும்(2) பு(1) மேல்(2) தி(1), ரும்(2) பும்(1) காத்(2) து(1). 'பும்' ஒற்று சேர்ந்து கனமானதுதான், ஆனால் 'ம்'மை உதட்டில் மூடி உடனே விட்டுவிட்டால் ஒரு துடிப்பில் அடங்கும். நீட்டினால் காத்து தள்ளிப் போகும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. எதுகை என்பது இரண்டாம் எழுத்து. முதல் எழுத்தை எடுப்பாக முன்னே தள்ளினால் எதுகை எழுத்து நேராக ரவானின் முதல் அடியில் விழும். கரும்பு, திரும்பு, விரும்பு, இரும்பு, அரும்பு எல்லாம் 'ரும்' என்று தாளத்தின் தலையில் இடிக்கும். மோனையை நம்பி எழுதினால் இந்த அடி கிடைக்காது.

#3 மோக்கா_சுருதி

#2 சொன்னதற்கு மேல் ஒன்று. கிரியோல் பல்லவிக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். தமிழ்ச் சொல்லுக்கு அழுத்தம் தலையில். கிரியோலில், பிரெஞ்சு வழி வந்ததால், சொற்றொடரின் வாலில். "மோ பே வினி" (நான் வந்துகொண்டிருக்கிறேன்) என்றால் கடைசி 'னி'தான் நிற்கிறது. அதை முதல் துடிப்பில் 'மோ' என்று ஆரம்பித்தால் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

மோ பே வி | னி

மூன்று துடிப்பு எடுப்பு, 'னி' அடியில். தமிழ் வரி அடியிலிருந்து கிளம்பும், கிரியோல் வரி அடியில் போய் இறங்கும். ஒருவர் அழைக்க மற்றவர் பதில் சொல்வது சேகாவின் பழைய வடிவம். இரண்டு மொழியின் அழுத்தம் எதிரெதிராக இருப்பதால் அந்த அழைப்பு-பதில் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது.

#4 ஆட்டுத்தோல்

ரவானைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தொகுப்பு கெடப் போவது அங்கேதான்.

ஆட்டுத்தோல் ரவானா, செயற்கைத் தோலா? செயற்கைத் தோல் மேடைக்கு வசதி, மழைக்கு அசையாது. பதிவில் மட்டும் பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஒரு 'டக்' நடுவில் நிற்கும், அடியில் வரும் 'தும்' மெலியும். குரல், ரவான் இரண்டு மட்டும் வரும் பாட்டில் அதை மறைக்க இடமே இல்லை. ஆட்டுத்தோலே வையுங்கள்.

தோலைக் காய்ச்சுவது பறை காய்ச்சுகிற மாதிரியேதான். காய்ந்த இலை, வைக்கோல், காகிதம் கொளுத்தி, தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டி, நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோலுக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்தால் தாங்குகிற சூடுதான் அளவு. கை தாங்கவில்லை என்றால் தோலும் தாங்காது. கிழிவது நடுவில் இல்லை, விளிம்பில், ஆணி அடித்த இடத்தில். ஏனென்றால் சுருங்கும் தோல் இழுப்பதெல்லாம் அந்த ஓட்டைகளைத்தான். பழைய தோலில் ஆணியைச் சுற்றி வெள்ளை வரி தெரிந்தால் அன்றைக்கு அதிகச் சூடு காட்டாதீர்கள்.

ஸ்டூடியோவில் தீ மூட்ட விடமாட்டார்கள். ஹேர் டிரையர் போதும், ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுற்ற வேண்டும். கியூர்ப்பிப், வாக்வா பக்கம் என்றால் மேட்டு நிலத்து ஈரம் தோலை வேகமாகத் தளர்த்தும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சுருதி இறங்கியிருக்கும். போர்ட் லூயியில் அவ்வளவு தொல்லை இல்லை. ஏசி போட்டால் தலைகீழ், தோல் காய்ந்து ஏறிக்கொண்டே போகும். முதல் டேக்கையும் ஏழாவது டேக்கையும் வெட்டி ஒட்டினால் இரண்டு வேறு ரவான் மாதிரிக் கேட்பது இதனால்தான். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நடு அடி ஒன்று, விளிம்பு அடி ஒன்று பதிவு செய்துவிட்டு முந்தையதோடு ஒப்பிடுங்கள்.

மே முதல் அக்டோபருக்குள் பதிவை முடித்துவிடுங்கள். நவம்பரில் புயல் காலம் தொடங்கிவிடும், ஈரம் ஏறும்.

#5 ஒலிப்பெட்டி

#4க்குத் தொடர்ச்சி. மைக் இரண்டு. ஒன்று தோலின் முன்னால், 30-40 செ.மீ. தள்ளி, விளிம்பைப் பார்த்து, நடுவை நேராகப் பார்க்காமல். நடுவைப் பார்த்தால் கை விழும்போது கிளம்பும் காற்று மைக்கில் 'புஃப்' என்று அடிக்கும். இன்னொன்று பின்னால், திறந்த பக்கம், அடி ஒலிக்கு. பின் மைக்கின் அலைக் கட்டத்தை (ஃபேஸ்) திருப்பிவிட மறக்காதீர்கள். தோல் முன்னே போகும்போது பின்னால் இழுக்கும், அதனால் இரண்டையும் அப்படியே கலந்தால் 'தும்' காணாமல் போகும். ரவான் ஒல்லியாகக் கேட்கிறது என்று புலம்புகிற பதிவுகளில் பாதி இதுதான்.

மராவானை (விதை போட்டுக் குலுக்கும் பெட்டி) 60 செ.மீ.க்கு மேல் தள்ளி வையுங்கள். உள்ளே உருளும் விதைகளின் 'சர சர' உங்கள் 'ச'கரம் இருக்கும் அதே இடத்தில் உட்காரும். வரியில் "சொல்லி", "சேர்ந்து" வருகிற இடத்தில் மராவானைக் குறைத்துவிட்டால் போதும், குரலைக் கூர்மையாக்க வேண்டாம்.

கிளிக்கை ஆறு தட்டாக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இரண்டாக மாற்றுங்கள். சேகாவின் ஆறு துடிப்பும் சம அளவு கிடையாது. நல்ல ரவான்காரர் மூன்றாவதையும் ஆறாவதையும் மயிரிழை தள்ளியோ முந்தியோ வைப்பார், தாளம் ஈரடிக்கும் மூவடிக்கும் நடுவில் ஊசலாடும். ஆறு கிளிக் அவரைக் கட்டிப்போடும். இன்னும் நல்லது, முதலில் ரவானையும் குரலையும் ஒரே அறையில் சேர்த்துப் பதிவு செய்து, கிதாரைப் பிறகு ஏற்றுவது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

#6 கரும்புக்காத்து (ரோஸ் ஹில்)

கிளிக் ஆறாகத்தான் இருந்தது. மாற்றிவிடலாம். ரவான் ஆட்டுத்தோல்தான். காவடிப் பாட்டுக்கு கிதார் ஸ்வரக் கட்டு (கார்டு): சி மேஜர், எஃப், ஜி செவன்த். நாதஸ்வரம் சேர்ந்தால் ஏதோ இடிக்கிறது.

#7 மோக்கா_சுருதி

இடிக்காமல் என்ன செய்யும்? செஞ்சுருட்டி ஹரிகாம்போதியில் பிறந்த ஜன்ய ராகம், நிஷாதம் (நி) கைசிகி. சி-யை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் நிஷாதம் பி ஃப்ளாட். ஜி செவன்த்துக்குள் இருப்பது பி. நாதஸ்வரம் பி ஃப்ளாட்டில் வழுக்கும்போது கிதார் பக்கத்துக் கட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. ஜி செவன்த்தை எடுத்துவிட்டு ஜி மைனர் அல்லது பி ஃப்ளாட் மேஜர் போடுங்கள். அதைவிட நல்லது, சரணத்தில் சி-யும் ஜி-யும் மட்டும் சுருதி மாதிரி மீட்டிவிட்டு, எஃப்-ஐப் பல்லவிக்கு மிச்சம் வைப்பது.

இன்னொரு வலை. செஞ்சுருட்டி மேல் ஸட்ஜத்துக்குப் போகாத ராகம். கீழே தைவதம், பஞ்சமம் வரை இறங்கும், மேலே நிஷாதத்தோடு திரும்பிவிடும். சினிமாப் பாட்டு மாதிரிக் கடைசிச் சரணத்தில் உச்சத்துக்கு ஏற்றினால் அது செஞ்சுருட்டியாக இருக்காது. உச்சம் வேண்டுமானால் கோஷ்டிக் குரலைக் கூட்டுங்கள், ஸ்வரத்தை ஏற்றாதீர்கள்.

அப்புறம், சி-யில் வாசிக்க நாதஸ்வரக்காரர் ஒப்புக்கொண்டாரா? பாரி நாயனம் பொதுவாக இரண்டு, இரண்டரைக் கட்டை, அதாவது டி, டி ஷார்ப். அதை ஒரு கட்டைக்கு இறக்கச் சொன்னால் சீவாளியோடு மல்லுக்கட்ட வேண்டும். கிதாரில் கேப்போவை (தந்திகளை அழுத்தும் கவ்வி) இரண்டாம் கட்டத்தில் மாட்டுங்கள், நீங்கள் டி-க்கு வாருங்கள். கருவி இறங்காது, ஆள்தான் ஏற வேண்டும்.

#8 பூர்போன்_வாசி (சென்-தெனி, ரெயூனியன்)

தமிழ் தட்டெழுத்து மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாக்கப் பட்டியலில் சேகாவும் எங்கள் மலோயாவும் அடுத்தடுத்து வருகின்றன. சகோதரிகள்தான், ஆனால் இரட்டையர் இல்லை. யுனெஸ்கோ பட்டியலில் மலோயா 2009இல் ஏறியது, மொரிஷியஸின் மரபுச் சேகா 2014இல். இங்கே உங்கள் மராவானின் இடத்தில் கயாம், கரும்புப் பூத்தண்டை அடுக்கி உள்ளே விதை போட்டுக் கட்டியது. ரவானின் இடத்தில் ரூலேர், பெரிய பீப்பாய் மேளம், அதன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையால் வாசிப்பது. ஒரே பாட்டில் ரவானும் ரூலேரும் வைத்தால் இரண்டும் அடி ஒலிக்கு அடித்துக்கொள்ளும், ஏதாவது ஒன்று.

மேடைத் திட்டத்தைப் பற்றி. இங்கே கோயிலில் தமிழ் பாடுகிறவர்கள் நிறைய, படித்துப் பொருள் புரிகிறவர்கள் குறைவு. உங்கள் "மோ பே வினி" புரியும், ஆனால் எங்கள் கிரியோலில் 'நான்' என்பது 'மி'. 'மோ' என்று கேட்டதும் மொரிஷியஸ் பாட்டு என்று தெரிந்துவிடும். அதை மாற்ற வேண்டாம், அது உங்கள் ஊர் முத்திரை. தமிழ் வரிக்குத்தான் உதவி தேவை. பாட்டுக்கு முன் இரண்டே வாக்கியம் கிரியோலில் பொருள் சொன்னால் போதும். மேடையில் ஐந்து நிமிஷ முன்னுரை கேட்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

#9 சந்தப்பித்து

தாக்கப் பட்டியல் எட்டுப் பேர் நீளம். ஏழு பாட்டில் எட்டுப் பேரையும் காட்ட நினைத்தால் தொகுப்பு தாம்பூலப் பை ஆகிவிடும். ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று எடுங்கள். தி ஃப்ரேரிடம், ஸ்வரக் கட்டு இல்லாமலே குரலும் தோலும் ஒரு பாட்டைத் தாங்கும் துணிச்சல். உங்கள் கடைசிப் பாட்டு அங்கேதான் பிறக்கிறது, அதில் ரவானை மட்டும் சேர்த்துவிடலாம். திருப்புகழிடம் சந்தப் பயிற்சி: 'தனன தந்த' என்று சந்தத்தை முதலில் வாயால் சொல்லி, அது சலிக்காமல் ஓடிய பிறகுதான் சொல் போடுவது. சொல்லை எழுதிவிட்டுச் சந்தத்தைத் தேடியதால்தான் "வெட்டி திரும்பி" வந்தது. இளையராஜாவிடம் எடுப்பதற்குக் கடல் அளவு இருக்கிறது, அதனால்தான் இந்தத் தொகுப்பில் எதையும் எடுக்காதீர்கள் என்கிறேன். நம் காதில் ஏற்கெனவே அவர் இருக்கிறார், கூப்பிடாமலே வருவார்.

காவடிச் சிந்தின் பழைய வரியைப் பயன்படுத்துவதாக இருந்தால்: அதை எழுதிய அண்ணாமலை ரெட்டியார் 1891இல் மறைந்தவர், எழுத்துக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் யாரோ பாடிய ஒலிப்பதிவிலிருந்து துண்டு எடுத்தால் அந்தப் பதிவுக்கு உரிமை தனி.

#10 அப்ரவாசிப்படி

கப்பல் பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. "1834இல் வந்த நம் முன்னோர்" என்று ஒரே மூச்சில் எழுதாதீர்கள். மொரிஷியஸ் தமிழர் எல்லாரும் ஒப்பந்தக் கூலிகளின் வழி வந்தவர்கள் இல்லை. அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1730களில் ஆளுநர் லாபூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார், தச்சர் என்று கைவினைஞர் வந்து போர்ட் லூயியைக் கட்டினார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியரும் உண்டு. கூலிகள் வந்திறங்கிய அப்ரவாசி காட் துறையின் படிகள் ஒரு கதை. சுண்ணாம்பு குழைத்த கை வேறு கதை. இந்தப் பாட்டில் எது என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சேகா அடிமைப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களின் கையிலிருந்து வந்தது. கூலிக் கப்பல் பாட்டை அந்தத் தாளத்திலேயே பாடும்போது அந்தக் கைக்கு வரியில் ஓர் இடம் வேண்டாமா? நன்றி நவிலல் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

#11 ஆட்டுத்தோல்

#10 சொன்னது காகிதத்திலும் இருக்கட்டும். ரவான்காரருக்கு ஒரு நாள் கூலியா, பாட்டில் பங்கா? அவர் அடித்த ஒரு நடைதான் பாட்டின் முகம் என்றால் அது இசையமைப்பில் பங்கு. பதிவுக்கு முன் ஒரே தாளில்: பாட்டின் பெயர், வரி யார் எத்தனை சதவீதம், இசை யார் எத்தனை சதவீதம், கூட்டினால் 100, எல்லாரும் கையெழுத்து. அந்தத் தாளோடு ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக மாசாவில் (மொரிஷியஸின் பாட்டு உரிமைச் சங்கம்) பதிவு செய்யுங்கள். பாட்டு ஓடிய பிறகு பங்கு பேசுகிற கூட்டம் நல்லபடியாக முடியாது.

#12 ஒலிப்பெட்டி

வெளியீட்டு நாள் தப்பு. காவடிக்குக் கொடி ஏறியதிலிருந்து பத்து நாள் விரதம். அந்த நாட்களில் வீட்டில் ஓடுவது முருகன் பாட்டு. அன்றைக்குப் போய் நாலு சேகாவை விட்டால் யார் கேட்பது? காவடி முடிந்து ஏழு கறிச் சோற்றுக்கு இலை போட்டிருக்கும்போது போனை நோண்ட யாருக்கும் கை ஒழியாது.

பிரித்து விடுங்கள். சேகா ஒன்று நவம்பர் நடுவில், ஆண்டு முடிவு விருந்துகளுக்கு முன்னால். காவடிப் பாட்டு தனியாக, கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன். மிச்சம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி. விநியோகத் தளத்தில் நாலு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர்கள் தொகுக்கும் பாட்டுப் பட்டியலுக்கு அனுப்பக் குறைந்தது ஏழு நாள் வேண்டும், கடைசி நாளில் ஏற்றினால் அந்தக் கதவு மூடியிருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஐஎஸ்ஆர்சி எண் (பதிவின் அடையாள எண்). பின்னால் ரவான் மட்டும் வைத்து வேறு வடிவம் விட்டால் அதற்குப் புது எண், பழையதைப் போடக் கூடாது. சத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரிச் சத்த அளவு) அளவில், உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல். அதற்கு மேல் நசுக்கிக் கொடுத்தால் தளம் எப்படியும் குறைத்துவிடும், ரவானின் அடி மட்டும் செத்துப் போயிருக்கும்.

பாட்டின் தலைப்பை எல்லாத் தளத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். தமிழில் ஒன்று, ரோமன் எழுத்தில் மூன்று விதம் என்று போனால் ஒரே பாட்டு நாலு பாட்டாகச் சிதறும்.

#13 கரும்புக்காத்து (ரோஸ் ஹில்)

நன்றி. ஏழு நாலாகிறது: சேகா இரண்டு, காவடி டி-யில், கடைசியில் ரவானும் குரலும். கப்பல் பாட்டு சுண்ணாம்புக் கையைப் பற்றி மறுபடி எழுதும் வரை நிற்கட்டும். சென்னை இப்போதைக்கு இல்லை, ரெயூனியன் மட்டும். முதல் பாட்டு இப்போது இப்படி:

க | ரும்பு மேல் தி | ரும்பும் காத்து
வி | ரும்பினால் தி | ரும்பிப் பாரு

#14 சந்தப்பித்து

இரண்டாம் வரி நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ரும்(2) பி(1) னால்(2) தி(1), ரும்(2) பிப்(1, 'பும்' மாதிரி உடனே விட்டுவிட்டால்) பா(2) ரு(1). ஆனால் முதல் வரியின் கடைசி 'து' ஆறாவது துடிப்பில். இரண்டாம் வரியின் 'வி'யும் அதே ஆறாவதில். பழைய சண்டை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

இரண்டு வரியையும் ஒட்டாதீர்கள். நடுவில் கிரியோல் பதிலை வையுங்கள். மூன்றாம் சுற்றில் முதல் மூன்று துடிப்பு ரவான் தனியாக, நாலு ஐந்து ஆறில் "மோ பே வி", நாலாம் சுற்றின் தலையில் "னி", அதை ஐந்தாம் துடிப்பு வரை நீட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். ஆறாவது காலியாக இருக்கும். அங்கே நீங்கள் 'வி' என்று மூச்செடுத்து நுழையலாம்.

#15 மோக்கா_சுருதி

கோஷ்டி 'னி'யை ஆறாவது வரை இழுக்கும், இழுக்காமல் இருக்காது. கையால் காட்டி நிறுத்த ஒருவரை நிறுத்துங்கள்.